யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாம்

கால்வாய்க்கரை வீடு,
டெட் புத்தாண்டுப் பண்டிகை முடிந்த மூன்றாம் வாரம்

தேசிய சபையின் துணைத் தலைவர் மாண்புமிகு மியென் அவர்களின் சமூகத்துக்கு, அன்னாரின் வீட்டுக்காரன் ஹுவாய் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

உனக்கு எல்லோரும் இப்படித்தானே எழுதுகிறார்கள்? நானும் ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வருகிறது. இனிப் பழையபடி எழுதுகிறேன்.

மியென், நான் நலம். நீ நலமா? ஹனோயில் இன்னும் குளிர் விடவில்லை என்று டி.வி.யில் சொன்னார்கள். கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள்கிறாயா? போனில் கேட்கலாம் என்றால் உன் செயலாளர் எடுத்து, "அம்மா கூட்டத்தில் இருக்கிறார், என்ன சொல்ல வேண்டும்?" என்கிறார். பெண்டாட்டி கழுத்தில் துணி இருக்கிறதா என்று ஒரு வாலிபனிடம் எப்படிக் கேட்பது? கடிதத்தை மட்டும் நீயே பிரித்துப் படிப்பதாகச் சொன்னதால் எழுதுகிறேன்.

போன வாரம் சபையின் கேள்வி நேரத்தைக் காபிக்கடையில் எல்லோருமாகப் பார்த்தோம். தலைமை இருக்கையில் நீல நீளங்கியில் உட்கார்ந்திருந்தாய். டெல்டாவில் உப்புத் தண்ணீர் ஏறுவதைப் பற்றிக் கேட்டால் அந்த அமைச்சர் உலகத்துக் கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். நீ கட்டைவிரலால் ஆள்காட்டி விரலைத் தேய்க்க ஆரம்பித்தாய். "தொலைந்தார் மனுஷன்" என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, நீ மணியை அடித்துவிட்டாய். உப்புத் தண்ணீரைத் தடுக்கிற மதகு எப்போது கட்டி முடியும், அதுவரை குடிக்கத் தண்ணீர் எங்கே, அதை மட்டும் சொல்லுங்கள் என்றாய். கடையில் கைதட்டினார்கள். காபிக்காரன் என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்றான். நான் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன், நீ ஏசுவாய் என்று.

நீ கல்யாணமாகி இந்தக் கால்வாய்க்கு வந்தபோது யாருக்கும் உன் பெயர் தெரியாது. பிறந்த வரிசையில் நான் நாலாமவன், அதனால் நீ நாலாம் அண்ணி. கிராமத்துப் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர் ஆனபோதும், மாவட்டத்துக்கும் மாகாணத்துக்கும் போனபோதும் இங்கே உன் பெயர் நாலாம் அண்ணிதான். இப்போது காலம் மாறிவிட்டது. வெளியூர்க்காரர்கள் என்னை "துணைத் தலைவர் வீட்டுக்காரர்" என்கிறார்கள். உன் மாமியார் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அவள் திவசம் வரும் பௌர்ணமிக்கு மறுநாள். மறந்திருக்க மாட்டாய். போன வருஷக் கூத்து இந்த வருஷம் வேண்டாம் என்று நீ சொன்னது சரிதான். முன்பின் தெரியாதவர்களின் கார்கள் பாலம் வரைக்கும் நின்றன. கூடை கூடையாகப் பழம், நாடா கட்டிய பெட்டிகள், பணம் போட்ட உறைகள். நீ எல்லோருக்கும் கைகொடுத்தே களைத்துப்போய் ஒரு வாய் சாப்பிடாமல் விமானம் பிடிக்க ஓடினாய். அந்த உறைகளைத் திருப்பிக் கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நீ எழுதி அனுப்பிய உத்தரவை ஊராட்சியின் ஒலிபெருக்கியில் காலையும் மாலையும் வாசிக்கிறார்கள். "துணைத் தலைவர் இல்லத்து நினைவு நாளுக்கு மக்கள் எல்லோரும் வரலாம். யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாம்." அந்தப் பெண்ணுக்கு நல்ல குரல். நானும் இது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன். உறைக்காரர்கள் தொலைவார்கள், நம் கால்வாய்க்காரர்கள் மட்டும் வருவார்கள், பழையபடி பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிடலாம்.

நம் மகள் கிம் சைகோனிலிருந்து போன் செய்தாள். பிள்ளைக்குப் பரீட்சை, வர முடியாதாம். இன்னொன்றும் சொன்னாள். அடுத்த தவணைக்கும் உன்னை இருக்கச் சொல்கிறார்களாம், இன்னும் மேலே ஒரு நாற்காலியாம். உண்மையா? இந்தத் தவணையோடு சரி, வீட்டுக்கு வந்து வாத்து வளர்க்கப்போகிறேன் என்று நம் படித்துறையில் நின்று சொன்னவள் நீ. அதை நம்பி நான் வாத்துக் கொட்டகைக்கு மூங்கில் வெட்டி வைத்திருக்கிறேன். மூங்கில் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான் சேதி.

திவசத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாய். உன் தலையணையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். வந்துவிடு.

உன் வரவு பார்த்திருக்கும்,
ஹுவாய்

*

கால்வாய்க்கரை வீடு,
திவசம் கழிந்த மறுநாள்

மியென்,

வெளிநாட்டுத் தூதுக்குழு வந்துவிட்டது, அதனால் நீ வரவில்லை. செயலாளர் போன் செய்து சொன்னார். குரலில் வருத்தத்தோடுதான் சொன்னார், அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன். உன்னைத்தான் சொல்லப்போகிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முந்தின நாள் இலைக் கொழுக்கட்டை கட்டப் பெண்கள் வருவார்கள் என்று அரிசி ஊறப்போட்டு, மாவு அரைத்து, தேங்காய்ப் பூரணம் கிளறி, வாழை இலையை வாட்டி வைத்துக் காத்திருந்தேன். எந்த வருஷமும் கூப்பிட்டதில்லை. கூப்பிடாமல் வருவதுதானே திவசம். வந்து பாதிக் கொழுக்கட்டையும் மீதி ஊர் வம்புமாகக் கட்டி முடிப்பார்கள். நேற்று முன்தினம் ஒருத்தியும் வரவில்லை. நானே கட்டினேன். படகு இன்ஜினைப் பிரித்துச் சேர்த்த கைக்கு இலை மடிக்க வரவில்லை. பாதி வெந்நீரில் அவிழ்ந்து கஞ்சியாகிவிட்டது.

மறுநாள் விடிந்ததும் பாய்களை விரித்தேன். இளநீரில் வேகவைத்த பன்றிக்கறி, சுட்ட விரால், புளிக்குழம்பு, எல்லாம் அம்மாவுக்குப் பிடித்த மாதிரி. வழக்கமாக எத்தனை பேர் வருவார்களோ அத்தனை பேருக்கும் சமைத்திருந்தேன். படத்துக்கு முன் ஊதுபத்தி ஏற்றிவிட்டு வாசலில் நின்றேன். எதிர்க்கரையில் ஆட்கள் வலையை அலசிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்தால் குனிந்துகொள்கிறார்கள்.

கடைசியில் ஊராட்சித் தலைவர் வந்தார், ஒரு பெரிய பழக்கூடையோடு. கூடையின் குறுக்கே சிவப்பு நாடா. நாடாவில் தங்க எழுத்தில் உன் பதவி, அதற்குக் கீழே உன் பெயர். நீ மாகாணத்துக்குச் சொல்லி அனுப்பியதாம். அதை அம்மா படத்துக்கு முன் வைத்து, வணங்கி, போட்டோ பிடித்துக்கொண்டு, ஒரு தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். தான் சாப்பிட்டால் விதி மீறியதாகுமோ என்று அவருக்குப் பயம். பாவம், மனுஷன் கறியைப் பார்த்தபடியேதான் போனார்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை, மியென். நான் பாய்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் ஐந்தாமத்தை படகில் போனாள். அம்மாவோடு ஒரே படகில் சந்தைக்குப் போய் வந்தவள், ஒரு திவசம் தவறாதவள். படித்துறையில் நின்று கூப்பிட்டேன். துடுப்பை நிறுத்தினாள், கரைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை, நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டேன்.

"நீ ஒண்ணும் பண்ணலடா நாலு. வெறுங்கையை வீசிக்கிட்டு படையல் வீட்டுக்குள்ள நுழையுறதுக்கு நான் என்ன வரி வசூலிக்க வந்தவளா? ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டாந்தா உன் பெண்டாட்டி பதவிக்கு ஆகாதுங்கறாங்க. ஒண்ணும் இல்லாம வந்தா செத்தவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்? வெறுங்கையோட உள்ள வர்றது வீட்டு ஆளுங்க மட்டும்தான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த உனக்கும் எனக்கும் இது எப்படித் தோன்றாமல் போனது? எதுவும் கொண்டுவராதே என்றால் இங்கே வராதே என்றுதானே அர்த்தம். ஒலிபெருக்கியில் அந்த நல்ல குரல்காரி காலையும் மாலையும் ஊரையே வீட்டுக்கு வராதே என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். நானும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டையாவது வாங்கிக்கொள்ளட்டும் என்று பொட்டலம் கட்டிப் படகில் வீடு வீடாகப் போனேன். கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கொண்டு வராதவள் எப்படிக் கொண்டு போவாள் என்கிறார்கள். நியாயம்தான். கறியெல்லாம் வாத்துக்கும் நாய்க்கும் போனது. நம் வாத்து இல்லை, பக்கத்து வீட்டு வாத்து. நம்மிடம் மூங்கில்தானே இருக்கிறது.

மியென், ஒன்று கேட்கிறேன். கிம் கைக்குழந்தையாக இருந்தபோது நீ மாவட்டப் பயிற்சியில் இருந்தாய். அம்மா பிள்ளையை மடியில் கட்டிக்கொண்டு அலையோடு துடுப்புப் போட்டு அங்கே வருவாள். கூட்டம் நடக்கிற மண்டபத்தின் ஜன்னலுக்கு வெளியே நின்று, "பிள்ளைக்குப் பசிக்குது, என் மருமகளைக் கொஞ்சம் விடுங்க" என்று அத்தனை ஆம்பிளைகளுக்கும் கேட்கச் சத்தம் போடுவாள். தீர்மானத்தைப் பாதியில் நிறுத்தி உன்னை அனுப்புவார்கள். நீ பால் கொடுத்துவிட்டு உள்ளே போய் வாக்களிப்பாய். உன் முதல் தீர்மானங்கள் எல்லாம் அப்படித்தான் நிறைவேறின. அவளுக்கா நீ நாடா கட்டிய கூடை அனுப்பினாய்?

கூடை அனுப்புகிறவர்கள் விருந்தாளிகள். நீயும் விருந்தாளி ஆகிவிட்டாய்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கடுமையாகத்தான் இருக்கிறது. கிழிக்கப்போவதில்லை. இதுவரை நான் எழுதாத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நான் தனியாக இருக்கிறேன். ஒரு ஆளுக்கு உலை வைத்து எனக்கு அலுத்துவிட்டது. நீ டி.வி.யில் வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டு முகத்தை மட்டும் பார்க்கிறேன். நான் உன்னைப் பார்க்கிறேன், நீ நாட்டைப் பார்க்கிறாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹுவாய்

*

கால்வாய்க்கரை வீடு,
இன்னும் மழை இல்லை

அன்புள்ள மியென்,

உன் கடிதம் கிடைத்தது. கோபமாகப் பதில் வரும் என்று நினைத்திருந்தேன். சண்டை போட நானும் தயாராகத்தான் இருந்தேன். நீ இப்படி எழுதியிருக்க வேண்டாம்.

என் கடிதத்தை விமான நிலையத்துக்குப் போகிற காரில் படித்ததாகவும், டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிடுவார் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறாய். அரசு வீட்டில் உனக்குச் சோறு மூடி போட்டு வருகிறது, சமையல்காரி எதிரில் உட்கார மாட்டேன் என்கிறாள், யாரிடம் எதைச் சொன்னாலும் மறுநாள் அது வேறு அர்த்தத்தில் ஊர் சுற்றுகிறது, அதனால் பேச்சையே குறைத்துவிட்டாய். ஆளில்லாத பாய்களுக்கு நடுவில் நான் ஒரு நாள் உட்கார்ந்தேன். நீ தினமும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாய் போலிருக்கிறது. இது எனக்குத் தெரியாது. டி.வி.யில் உன்னைச் சுற்றி எப்போதும் கூட்டம்தானே தெரிகிறது.

கேள்விப்பட்டது உண்மைதான் என்றும் எழுதியிருக்கிறாய். இருக்கச் சொல்கிறார்கள். கட்சி மாநாட்டுக்கு முன்னால் நீ பதில் சொல்ல வேண்டும். "இரு என்றால் இருக்கிறேன், வா என்றால் வருகிறேன், ஒரே வார்த்தை எழுது" என்று கேட்டிருக்கிறாய். இத்தனை வருஷத்தில் எந்தப் பதவிக்கும் நீ என்னைக் கேட்டதில்லை. செய்தி கேட்டுத்தான் எனக்குத் தெரியும். இப்போது கேட்கிறாய் என்றால் உனக்கும் அங்கே தாங்கவில்லை என்று புரிந்துகொள்கிறேன்.

"வா" என்று எழுத எவ்வளவு நேரமாகும்? எழுதினேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தபாலில் போடப் படகை எடுத்தேன்.

வழியில் ஐந்தாமத்தை வீட்டுப் படித்துறையில் கூட்டம். தண்ணீர்ப் படகு வந்திருந்தது. நீ அந்த அமைச்சரை மடக்கியதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தடவை நல்ல தண்ணீர் வருகிறது. கால்வாய்த் தண்ணீரில் துணி அலசினால்கூட உப்புப் பூக்கிறது. மழைநீர்ச் சால்கள் அடி தெரிகின்றன. நம் பம்பளிமாஸ் மரங்கள் இலை உதிர்த்துவிட்டன, உனக்கு எழுதவில்லை. ஐந்தாமத்தையின் மருமகள் நிறைமாத வயிற்றோடு குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இறங்கி எல்லோருக்கும் குழாயைப் பிடித்தேன். திவசத்துக்கு வராதவர்கள் என் முகத்தைப் பார்க்கக் கூசினார்கள். நானும் கூசினேன்.

தண்ணீர் முடிந்ததும் ஐந்தாமத்தை என்னை உட்காரச் சொன்னாள். நீ வரப்போகிறாயா, இருக்கப்போகிறாயா என்று ஊரில் பேச்சு ஓடுகிறதாம். அவளே சொன்னாள்.

"மதகு கட்டி முடியற வரைக்கும் நாலாமண்ணி அங்கேயே இருக்கட்டும்டா. அவ எழுந்தா அந்த நாற்காலில யாரு உட்காருவாங்களோ, அவங்களுக்கு உப்புத் தண்ணி எப்படிக் கரிக்கும்னு தெரியுமா?"

எழுந்தேன். படகில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து சொன்னாள்.

"எங்களுக்குத் தண்ணி வேணும்னு உன் வீட்டைக் காலியாக்கச் சொல்றேன். எனக்குத் தெரியாம இல்ல, நாலு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் தபாலுக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

"வா" என்று எழுதிய தாள் இன்னும் பையிலேயே இருக்கிறது. அந்த மருமகள் குடத்தைப் பிடித்து நின்றதைப் பார்த்த பிறகு அதை அனுப்ப முடியவில்லை. அதற்காக "இரு" என்று எழுது என்றால் அதற்கும் கை வரவில்லை. நான் தியாகி இல்லை, உனக்கே தெரியும். ஒரே வார்த்தை கேட்டாய், எனக்கு அது கிடைக்கவில்லை. நீயே சபையில் எத்தனையோ பேர் சண்டைக்கு நடுவில் முடிவு சொல்கிறவள். இதையும் நீதான் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். ஒரு மாதம் வைத்துக்கொள்வேன், பிறகு சரியாகிவிடும்.

ஆனால் ஒரு காரியம் நீ செய்தாக வேண்டும். அந்த உத்தரவை மாற்று. ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் நானே கேட்டேன். மேலிடத்து எழுத்து இல்லாமல் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது என்றார் தலைவர். மேலிடம் என் பெண்டாட்டிதான் என்றேன். அப்படியானால் எழுதி வாங்கி வாருங்கள் என்றார். எழுதிக் கொடு, மியென். உறையும் நாடாவும் காரும் வேண்டாம். வாழைப்பழம் கொண்டுவரலாம், கொழுக்கட்டை கொண்டுவரலாம், வீட்டில் காய்ச்சிய சாராயம் ஒரு குப்பி கொண்டுவரலாம், தேயிலை கொண்டுவரலாம். போகும்போது பொட்டலம் வாங்கிக்கொண்டு போகலாம். சட்டம் போடுகிறவளுக்கு இதை எப்படி எழுதுவது என்று நான் சொல்லித் தர வேண்டாம்.

கூடையில் இருந்த பழங்கள் அழுகியதும் கால்வாயில் போட்டுவிட்டேன். நாடாவை என்ன செய்வது என்று தெரியவில்லை. உன் பெயர் எழுதியிருப்பதால் எறியவும் மனமில்லை. அதாலேயே வாத்துக் கொட்டகை மூங்கிலைச் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன்.

அப்பாவின் திவசம் ஆறாம் மாதம் வருகிறது. அதற்குள் மழை பிடித்துவிடும், கால்வாய்த் தண்ணீர் குடிக்கிற மாதிரி ஆகிவிடும். பாய்களை அலசிக் காய வைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஐந்தாமத்தை வாழைத்தாருக்குச் சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கு நீ எந்த நாற்காலியில் இருந்தாலும் சரி, எந்தத் தூதுக்குழு வந்தாலும் சரி, காரைப் பாலத்துக்கு அப்பால் நிறுத்திவிட்டு ஐந்தாமத்தையின் படகில் ஏறி வா. பழம் வேண்டாம், கூடை வேண்டாம். நம் படித்துறையில் இறங்கும்போது உன் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது.

ஊரே ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரட்டும். நீ மட்டும் வெறுங்கையோடு வா, மியென்.

உன் நாலாமவன்,
ஹுவாய்